தைலந்தோப்பில் ஒரு புயல் சாவு

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலையில் உங்கள் போன் ஓயாது. புதிதாக வருவாய் ஆய்வாளராக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். போனில் சார்ஜ் உள்ளவர், உங்கள் நம்பரைத் தெரிந்துவைத்திருப்பவர், எதை எப்படிச் சொன்னால் நிவாரணம் வரும் என்று அறிந்தவர், இவர்கள்தான் முதலில் பேசுவார்கள். நிஜமாகவே எல்லாம் போனவர் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் உங்கள் நம்பர் இருக்காது.

நான் ஓய்வுபெற்று குன்றத்தூரில் மகளோடு இருக்கிறேன். வருவாய்த் துறை ஊழியர் சங்கத்தில் இருந்து வந்து, "சர்வீஸ்ல பார்த்ததை ஏதாவது எழுதிக் குடுங்கம்மா, புதுசா வந்தவங்களுக்கு உதவும்" என்று கேட்டார்கள். பட்டா மாறுதல், சான்றிதழ், ஜமாபந்தி எல்லாம் சீட்டில் உட்கார்ந்த கொஞ்ச நாளில் உங்களுக்கே பழகிவிடும். அதையெல்லாம் எழுதி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். ஒரு சாவைப் பற்றி எழுதுகிறேன். அதை எப்படி எழுதுவது என்பதுதான் என் வேலையில் நான் பட்ட பெரிய பாடு.

அப்போது நான் ஒரகடத்தை ஒட்டிய குறுவட்டத்தில் ஆர்.ஐ. அந்தப் பக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கம்பெனி மதில் முடிகிற இடத்தில் தைலமரத் தோப்பு ஆரம்பிக்கும். தோப்பு முடிந்தால் ஏரி, ஏரி தாண்டினால் மறுபடியும் கம்பெனி. தைலமரத்தை வெட்டி, அறுத்து, பேலட் செய்து அந்தக் கம்பெனிகளுக்கே விற்பார்கள். பேலட் என்றால் கார் பாகங்களை அடுக்கி லாரியில் ஏற்றும் மரத் தட்டு. அந்தத் தொழிலில் இருந்தவர்களில் ஒருவர் தசரதன். தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பார். இருங்காட்டுக்கோட்டைக்கு அருகே பேலட் அடிக்கும் கொட்டகை ஒன்றும் வைத்திருந்தார்.

புயலன்று நாங்கள் எல்லோரும் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். ஏரி நிரம்பிவிட்டது, கரை தாங்காது என்று பேச்சு வந்ததுமே தாழ்வான இடத்து ஜனங்களை அழைத்து வந்துவிட்டோம். விடிந்த பிறகும் காற்று நிற்கவில்லை. விட்டு விட்டு அடித்தது. சாம்பார் அண்டாவை இறக்கும்போது தசரதனின் போன் வந்தது.

"ஆர்.ஐ. அம்மா, மோசம் பூட்டோம். நம்ம கிட்ட வேல செய்ற ஏகாம்பரம் செத்துட்டான். ரோட்ல நடந்து வந்துக்கினு இருந்தான், மரம் சாஞ்சிடிச்சு. கூட வந்த கன்னியப்பனுக்குக் கால் பூட்ச்சு, ஆஸ்பத்திரில கீறான். புயல் சாவும்மா. பொண்டாட்டி, ரெண்டு பொண்ணு. சீக்கிரம் எழுதி அனுப்பினா நிவாரணம் வந்துடும்."

குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை. அந்த மனிதர் அழுதுகொண்டுதான் பேசினார். ஆனாலும் அழுகைக்கு நடுவில் அவர் சொன்னது முழுவதும் ஒழுங்காக அடுக்கி வைத்தது போல இருந்தது. எங்கே நடந்தது, எப்படி நடந்தது, அதற்கு என்ன பெயர், எவ்வளவு சீக்கிரம் அனுப்ப வேண்டும். பதறுகிறவர்கள் இவ்வளவு வரிசையாகப் பேசமாட்டார்கள் என்று தோன்றியது. அப்போது அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. முகாமில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு வலி வந்துவிட்டது.

மறுநாள் காலையில் வி.ஏ.ஓ. வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்துவிட்டார். அவர் கெட்டவர் அல்ல, இளைஞர். இரண்டு இரவாகத் தூங்காதவர். "சாலையில் நடந்து சென்றுகொண்டிருந்தபோது புயல் காற்றினால் மரம் வேரோடு சாய்ந்து" என்று இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த புகாரிலும் அதே வாசகம்தான் என்றார். கையெழுத்துப் போட்டால் போதும்.

"போய்ப் பார்த்துட்டு வந்து போடலாம்" என்றேன்.

"மேடம், ரோடு முழுக்க மரம். பைக்தான் போகும்."

"பைக்லயே போகலாம்."

இது பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. சாவு என்றால் இடத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் புயல் நேரத்தில் நமக்கு நூறு வேலை இருக்கும். நல்ல மனசோடு ஒரு குடும்பத்துக்குச் சீக்கிரம் உதவி போகட்டும் என்று நினைத்துத்தான் நாம் போகாமல் இருப்போம். அதனால் சொல்கிறேன்.

அவர்கள் சொன்ன இடத்தில் சாலையின் குறுக்கே ஒரு மரம்கூட இல்லை. ஓரத்தில் கிளைகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். தார்ச் சாலையில் கீறலோ சேறோ எதுவும் இல்லை. தோப்புக்குள் இறங்கினேன். தைல வாசனை தொண்டையை அடைத்தது. முன்வரிசை மரங்கள் வேரோடு பெயர்ந்து, மண்ணைத் தூக்கிக்கொண்டு, எல்லாம் தென்மேற்குப் பக்கமாகத் தலையை வைத்துக் கிடந்தன. அது காற்றின் வேலை. பார்த்தாலே தெரியும்.

இன்னும் உள்ளே போனதும் காட்சி மாறியது. அங்கே மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நான்கு பக்கமும் விழுந்து கிடந்தன. வேர் ஒன்றும் மேலே வரவில்லை. அடிக்கட்டைகள் மண்ணில் அப்படியே நின்றன, வெட்டுவாய் வெள்ளையாக, வழவழப்பாக. சுற்றிலும் ஈரமான மரத்தூள். வி.ஏ.ஓ. குனிந்து ஒரு கை தூளை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். தோப்புக்கு நிவாரணம் வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய புயலிலும் இதே தோப்பில் மரங்கள் விழுந்தன. எண்ணப் போனது நான்தான். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. தசரதனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த முறை அவர் காற்று ஓயும் வரை காத்திருக்கவில்லை. காற்று அடிக்கும்போதே ஆட்களை மிஷின் ரம்பத்தோடு உள்ளே அனுப்பி, நின்ற மரங்களை வெட்டிச் சாய்த்து, புயலில் விழுந்ததாகக் கணக்குக் காட்ட நினைத்திருக்கிறார். காற்று ஓய்ந்த பிறகு வெட்டினால் மிஷின் சத்தம் ஊருக்கே கேட்டுவிடும். நிவாரணமும் வரும், வெட்டிய மரமும் கொட்டகைக்குப் போகும்.

நாங்கள் அங்கே நிற்கும்போதே அவர் வந்துவிட்டார். வெட்டுவாயில் என் கை இருந்ததைப் பார்த்தார். மறைக்க முயலவில்லை.

"அம்மா, போன தடவ வந்து எண்ணிட்டு, இல்லன்னு சொல்லிட்டுப் போனீங்க. நான் ஒரு வார்த்தை பேசினேனா? குத்தகை கட்டினவன் நானு. விழுந்த மரத்துல ஈரம் ஏறி பேலட்டுக்கே ஆவல. கம்பெனில லோடு திருப்பி அனுப்பிட்டான். இந்தத் தடவையும் அதே கதின்னா கொட்டகைய மூடிக்கினு போக வேண்டியதுதான்."

"அதுக்கு ஆளைக் காத்துல அனுப்புவீங்களா?"

"காத்து வுட்டுப் போச்சுன்னு நெனச்சேம்மா." அவர் அப்படியே ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தார். "ஏகாம்பரம் எங்கிட்ட எவ்ளோ வருஷமா கீறான் தெரியுமா? அவன் பெரிய பொண்ணு காலேஜ் சேர்றப்ப நான்தான் போயி நின்னேன். என்ன உள்ள வெக்கணும்னா வெய்யுங்க. ஆனா, அந்தப் பொண்ணுங்களுக்கு வர்றத நிறுத்திடாதீங்க. ரோட்ல செத்தான்னு எழுதினா வரும். தோப்புல செத்தான்னு எழுதினா வராது. உங்க பேனாலதான் கீது."

இந்த வாதத்தை நீங்களும் கேட்பீர்கள். தப்புச் செய்தவர், தான் கெடுத்த குடும்பத்தையே முன்னால் நிறுத்திக்கொண்டு அவர் பின்னால் நிற்பார். அது முழுப் பொய்யாக இருந்தால் தள்ளிவிட்டு வந்துவிடலாம். பாதி நிஜமாக இருக்கும். அவர் சொன்னபடியே எழுதினால் அந்தப் பெண்ணுக்கு நிவாரணம் சீக்கிரம் வரும் என்பது உண்மைதான்.

அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்னியப்பனுக்கு இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே அவர் மனைவி சுருண்டு படுத்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் கன்னியப்பன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரோட்ல நடந்து வந்தீங்களா?" என்று கேட்டேன்.

சுவரைப் பார்த்தபடியே, "அப்படித்தான் சொல்லச் சொல்லிக்கீறாங்க" என்றார்.

"நான் தோப்பைப் பார்த்துட்டு வந்துட்டேன்."

அப்போதுதான் திரும்பினார். "ரோட்ல நடக்குறவன் கையில மிஷின் எதுக்கு மேடம்? என் கையில இருந்துச்சு. அறுத்த மரம் நாங்க நெனச்ச பக்கம் சாயல. கத்தறதுக்குள்ள காத்து திருப்பிடுச்சு. ஏகாம்பரத்து மேல நேரா வந்துச்சு. என்னைத் தட்டிட்டுப் போச்சு." பிறகு, யாரிடமோ கேட்பது போல, "ரோட்ல நடந்தவனுக்கு யாரு கால் குடுப்பா?" என்றார்.

அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே மரத்தில் அடிபட்டவர்கள். ஏகாம்பரம் சாலையில் நடந்தார் என்று எழுதினால் கன்னியப்பனும் சாலையில்தான் நடந்தார். வேலை செய்யவில்லை. வேலையே செய்யாதவருக்கு முதலாளி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதில்லை. அரசுத் தரப்பில் காயத்துக்கென்று வருவது ஒரு காலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. செத்தவரின் குடும்பத்துக்கு எது நல்லதோ, அது பிழைத்தவரின் கதையை முடித்துவிடும்.

ஏகாம்பரத்தின் மனைவி சாந்தி ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தாள். நான் போனபோது வீட்டில் சொந்தக்காரர்கள் நிறையப் பேர். எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளோடு தனியாக உட்கார்ந்தேன். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இழந்தவருக்காக இன்னொருவர் பேச விடாதீர்கள். அண்ணன் பேசுவார், மச்சான் பேசுவார், வார்டு மெம்பர் பேசுவார். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து கேட்காமல் திரும்பாதீர்கள்.

நான் பார்த்ததைச் சொன்னேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"ரெண்டு மடங்கு கூலின்னு சொன்னாங்க மேடம். நான் போவாதன்னேன். காத்து கொறஞ்சுட்ச்சுன்னு சொல்லிட்டுப் போனாரு." அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். "இப்ப நீங்க இன்னா எழுதுவீங்க? கெவருமெண்ட ஏமாத்த மரம் வெட்னாருன்னா? செத்துப் போனவரத் திருடன்னு எழுதுவீங்களா?"

"அப்படி எழுத மாட்டேன். முதலாளி அனுப்பினார், கூலிக்குப் போனார், காற்றில் மரம் திரும்பி விழுந்தது. நடந்தது அதுதானே?"

"அப்டி எழுதினா துட்டு வருமா?"

அந்த இடத்தில் ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. "வரணும். வர வைக்கப் பார்ப்பேன். ஆனா கேள்வி கேட்பாங்க, இழுக்கும். எவ்வளவு நாள் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. ரோட்ல செத்தார்னு எழுதினா சீக்கிரம் வந்துடும்" என்றேன்.

"அப்ப ரோட்லன்னே எழுதுங்க."

"கன்னியப்பனுக்குக் கால் போயிடுச்சும்மா. அப்படி எழுதினா அவருக்கு ஒன்னுமே இல்லாமப் போயிடும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு உசுரோட கீறாரு இல்ல?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். வாசலில் பெரிய பெண் திவ்யா நின்றுகொண்டிருந்தாள். பாலிடெக்னிக்கில் இரண்டாவது வருஷம். நாங்கள் பேசிய எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. "என்னால பொய் எழுத முடியாதும்மா. ஆனா இந்த ஃபைலை விட்டுட்டுப் போக மாட்டேன்" என்று சாந்தியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வெளியே சொந்தக்காரர்கள் வழிவிட்டார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை.

நான் எழுதியதை உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் தீர்மானம் முழுவதும் அந்த வார்த்தைகளில்தான் இருந்தது. "தோப்புக் குத்தகைதாரர் அனுப்பியதன் பேரில், புயல் காற்று வீசிக்கொண்டிருந்த நேரத்தில், கூலிக்கு மரம் வெட்டும் பணியில் இருந்தபோது, பலத்த காற்றினால் மரம் திசை மாறி விழுந்து இறந்தார்." புயல் நிவாரணத்துக்கான விதி, பேரிடரால் சாவு நேர்ந்ததா என்றுதான் கேட்கிறது. அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கவில்லை. தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம், வேலையில் அடிபட்டாரா என்றுதான் கேட்கிறது. காற்றடித்ததா என்று கேட்கவில்லை. ஒரே வாக்கியம் இரண்டு கதவையும் திறக்க வேண்டும். இரண்டுமே உண்மை. வெட்டிய மரங்களைப் பற்றித் தனி அறிக்கை எழுதினேன். அதில் கூலியாட்களின் பெயர் வரவில்லை.

தாசில்தார் இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். என்னைவிட வயதில் சிறியவர், நேர்மையானவர்.

"இது புயல் சாவா, வேலைச் சாவா? ஒன்னு சொல்லுங்க மேடம்."

"ரெண்டும் சார்."

"மேலே அனுப்புற படிவத்துல ரெண்டும்னு ஒரு கட்டம் கிடையாது."

"அதுக்காக நடந்ததை மாத்தி எழுத முடியுமா சார்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "திரும்பி வரும். நீங்கதான் பதில் எழுதணும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்தது. மேல் அலுவலகத்திலிருந்து வந்த கேள்வியைப் படித்தபோது சாந்தி சொன்ன 'திருடன்' என்ற அதே வார்த்தை வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது போல இருந்தது: அரசுக்கு இழப்பு ஏற்படுத்தும் முறைகேடான செயலில் ஈடுபட்டிருந்தபோது இறந்தவரின் வாரிசுக்கு நிவாரணம் எவ்வாறு பரிந்துரைக்கப்படுகிறது? கூலிக்காரருக்கு எந்த மரம் எதற்கு வெட்டப்படுகிறது என்பதில் பொறுப்பில்லை என்று பதில் எழுதினேன். அதற்கு மறுபடியும் ஒரு கேள்வி. வானிலைத் துறையிடம் காற்று வீசிய நேரத்துக்குச் சான்று வாங்கச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தேன். மரம் வெட்டிய வழக்கு முடியட்டும் என்றார்கள். வழக்குக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று எழுதினேன்.

இதற்கிடையில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தசரதன் தோப்பில் மோசடி என்று தெரிந்ததும், அந்தக் குறுவட்டத்தில் மரம் விழுந்தது என்று மனுக் கொடுத்த எல்லோருக்கும் மறு ஆய்வு என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்த சின்ன விவசாயிகள்கூட மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் ஒரு மரத்தைக்கூட வெட்டவில்லை. மறு ஆய்வு வரும்வரை விழுந்த மரத்தை நகர்த்தக் கூடாது என்பதால் அது நிலத்திலேயே கிடந்து உளுத்தது. அடுத்த பயிரும் வைக்க முடியவில்லை. ஒரு பெரியவர் என் வண்டியை மறித்து, "ஒருத்தன் திருடினான்னு ஊரையே திருடனாக்கிட்டியேம்மா" என்றார். அந்த உத்தரவு என்னுடையது இல்லை. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அன்றிலிருந்து மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, சின்ன விவசாயிகளின் நிலங்களை முதலில் ஆய்வு செய்யச் சொல்லி மேலே மல்லுக்கு நின்றேன். கொஞ்சம் பேருக்கு வந்தது. கொஞ்சம் பேர் அலுத்துப்போய் மனுவை அப்படியே விட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் அந்த நிலத்தையே பிளாட் போடுகிறவர்களிடம் விற்றுவிட்டார்.

தசரதன் கைதாகி, ஜாமீனில் வந்தார். கொட்டகையை மூடினார். அங்கே பேலட் அடித்த ஆட்கள் கம்பெனி வாசல்களில் கான்டிராக்ட் வேலைக்கு அலைந்தார்கள். எங்கே பார்த்தாலும் எனக்கு வணக்கம் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கன்னியப்பனின் வழக்கு தொழிலாளர் துறையில் நடந்தது. என் அறிக்கையை அவர் வக்கீல் சாட்சியாக வைத்தார். நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவானது. கொட்டகையை மூடியவரிடம் என்ன இருக்கும்? ஒரு பகுதி வந்தது. செயற்கைக்கால் வைத்துக்கொண்டு ஒரு கிடங்கின் வாசலில் இப்போது செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்தால் எழுந்துகொள்ளப் பார்ப்பார். வேண்டாம் என்பேன்.

சாந்தியின் கோப்பு நகர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு வேறு பிரிவுக்கு மாறுதல் வந்தது. புது சீட்டில் உட்கார்ந்துகொண்டு பழைய கோப்புக்காக நான் கலெக்டர் ஆபீஸ் படியேறுவதை அங்கே பலர் வேடிக்கையாகப் பார்த்தார்கள். ஒரு பிரிவு எழுத்தர், "உங்களுக்குச் சொந்தமா மேடம்?" என்றே கேட்டார். புதிதாக வந்தவர்களே, உண்மையை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பொய்க்கு ஆயிரம் பேர் வழி செய்துகொடுப்பார்கள். உண்மையான அறிக்கையை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க நீங்கள்தான் கூடவே நடக்க வேண்டும். நடக்கத் தயாராக இல்லாதவர், சத்தியவான் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பத்தை நடுத்தெருவில் விட்டவர் ஆகிறார். இதை நான் கடுமையாகத்தான் சொல்கிறேன்.

கடைசியில் உத்தரவு வந்தது. விதியில் "பேரிடரால்" என்று மட்டுமே இருக்கிறது என்று அங்கே புதிதாக வந்த ஓர் அதிகாரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாராம். நான் முதல் அறிக்கையிலேயே எழுதியிருந்ததுதான் அது. உத்தரவின் நகலை நானே எடுத்துக்கொண்டு சாந்தியின் வீட்டுக்குப் போனேன். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை இல்லை. ஆனாலும் போனேன்.

சாந்தி வாங்கிப் படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள். கேண்டீனில் சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல்கள் வெளுத்து உரிந்திருந்தன. முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

நாங்கள் உட்கார்ந்திருந்தபோது தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. திவ்யா இறங்கி வந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, ஷிப்ட் முடிந்த களைப்பு. அப்பா செத்த சில மாதங்களிலேயே பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு ஒரு போன் கம்பெனியில் லைனில் சேர்ந்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டையில் பார்ப்பது அன்றுதான் முதல் முறை.

"பணம் வந்துடும்மா. மறுபடி காலேஜ்ல கேட்டுப் பார்க்கலாமே? நான் வேணும்னா கூட வரேன்" என்றேன்.

"என் கூடப் படிச்சவங்கள்லாம் முடிச்சுட்டாங்க மேடம்" என்றாள் மரியாதையாக. "தங்கச்சி பிளஸ் டூ போறா. அவளைப் படிக்க வச்சுடுவோம். எனக்கு இங்க ஓ.டி.யும் இருக்கு." உள்ளே போய்விட்டாள். குழாயில் முகம் கழுவும் சத்தம் கேட்டது.

சாந்தி உள்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அன்னிக்கே ரோட்லன்னு எழுதியிருந்தீங்கன்னா இவ படிச்சு முடிச்சிருப்பா இல்ல மேடம்?"

கோபம் இல்லாத குரல். தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள். கன்னியப்பனைப் பற்றிச் சொல்லலாம். விதியைப் பற்றிச் சொல்லலாம். மேலே தாமதம் செய்தவர்களின் பெயர்களைச் சொல்லலாம். எல்லாம் என் நாக்கு வரை வந்தன. இந்த வேலையில் நேராகச் செய்தாலும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுத்திருப்பார். ஒருநாள் உங்களிடமும் வந்து இப்படிக் கேட்பார். அப்போது தயவுசெய்து விளக்கம் சொல்லாதீர்கள்.

"ஆமாம்மா. முடிச்சிருப்பா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, இருட்டுவதற்குள் கிளம்புங்கள், அந்த வளைவில் லாரிகள் வேகமாக வரும் என்றாள்.